மூளைக் கட்டிக்கு இம்யூனோதெரபி: கேள்வி பதில்

இம்யூனோதெரபி என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் திருப்பும் சிகிச்சை. அதற்கான டி செல் (நோயைத் தாக்கும் ஒரு வகை வெள்ளை ரத்த அணு) வளர்க்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. டாக்டர் இல்லை. அதனால் ஸ்கேன் படம் அனுப்பி வழி கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்கு உங்கள் டாக்டர்தான் சரி. மற்ற கேள்விகள் பெரும்பாலும் கிளையோபிளாஸ்டோமா பற்றியவை. பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் கட்டிகளில் மிக மூர்க்கமானது அதுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரேடியேஷனோடு டெமோசோலமைடு என்ற கீமோதெரபி மாத்திரையும் கொடுக்கும் முறை 2005இல் நிலைபெற்றது. அந்த ஆய்வில் பாதிப் பேர் 14.6 மாதம் தாண்டினார்கள். இன்றும் அடிப்படைச் சிகிச்சை அதுதான்.

கேள்வி: என் மாமாவுக்கு நுரையீரல் புற்றுநோய். நிவோலுமாப் போட்டு மூன்று வருஷமாக நன்றாக இருக்கிறார். இதையே மூளைக் கட்டிக்கும் கொடுத்தால் என்ன?

பதில்: கொடுத்துப் பார்த்தாயிற்று. செக்மேட் 143 என்ற ஆய்வில், கட்டி திரும்ப வந்த 369 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் நிவோலுமாப், மறுபக்கம் கட்டியின் ரத்தநாள வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் கொடுத்தார்கள். இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 9.8 மாதம், 10 மாதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நிவோலுமாப் தானாகப் புற்றைக் கொல்லாது. கட்டிப்போட்டிருக்கும் டி செல்லை அவிழ்த்துவிடும். கிளையோபிளாஸ்டோமாவுக்குள் டி செல்லே அரிது என்றால் யாரை அவிழ்ப்பது? இந்த நோயாளிகளின் டி செல்கள் ரத்தத்தில் குறைந்து எலும்பு மஜ்ஜைக்குள் முடங்கிக் கிடக்கின்றன என்று டியூக் பல்கலைக்கழகத்தார் 2018இல் காட்டினார்கள். அப்புறம், மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியை அமுக்கும். புகையால் வந்த நுரையீரல் புற்றில் மரபணுப் பிழைகள் ஏராளம், அதனால் அது டி செல் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும். கிளையோபிளாஸ்டோமாவில் பிழைகள் குறைவு.

கேள்வி: மூளைக்குள் எதிர்ப்புச் செல்களுக்கு அனுமதியே இல்லை என்று பாடத்தில் படித்தோமே?

பதில்: பழைய பாடம். 1948இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி மெடவார் முயல் மூளையில் தோலை ஒட்டவைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வளர்ந்த கருத்து. மூளையைச் சுற்றிய உறையில் நிணநீர் நாளங்கள் இருப்பதை 2015இல் எலிகளில் கண்டார்கள். அதைவிடப் பெரிய சாட்சி, மெலனோமா என்ற தோல் புற்று மூளைக்குப் பரவியவர்கள். நிவோலுமாபையும், அதுபோலவே டி செல்லை அவிழ்க்கும் இபிலிமுமாபையும் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களின் மூளைக் கட்டிகள் கட்டுப்பட்டன. கதவு பூட்டியிருப்பது மட்டும் பிரச்சினை இல்லை.

கேள்வி: அறுவை சிகிச்சைக்கு முன்பே இம்யூனோதெரபி கொடுத்தால் பலன் கூடுமா?

பதில்: யோசனை நல்லதுதான். கட்டி உள்ளே இருக்கும்போதே டி செல் அதைப் பார்த்துப் பழகட்டும் என்பது கணக்கு. 2019இல் 35 பேரிடம் நிவோலுமாப் வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாபை இப்படிச் சோதித்தார்கள். அறுவைக்கு முன்பும் பின்பும் பெற்றவர்களுக்கு இடைநிலை ஆயுள் 13.7 மாதம், பின்பு மட்டும் பெற்றவர்களுக்கு 7.5 மாதம். 35 பேர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஆஸ்திரேலிய மெலனோமா நிபுணர் ரிச்சர்ட் ஸ்கோலியர் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 2023இல் தனக்கே கிளையோபிளாஸ்டோமா என்று தெரிந்ததும், சக நிபுணர் ஜார்ஜினா லாங் குழுவோடு சேர்ந்து, அறுவைக்கு முன்பே மூன்று மருந்துகளை ஒன்றாக எடுத்துக்கொண்டார். கட்டி திரும்பிவிட்டது என்று 2025 மார்ச்சில் அவரே அறிவித்தார். துணிச்சலில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் கதையிலிருந்து மருந்து வேலை செய்ததா என்று சொல்ல முடியாது.

கேள்வி: அக்கா, கார் டி செல் போட்டு ஐந்தே நாளில் கட்டி கரைந்தது என்று செய்தி வந்ததே, நிஜமா?

பதில்: நிஜம். கார் டி செல் என்பது கட்டியின் புரதத்தை அடையாளம் கண்டு தாக்கும்படி ஆய்வகத்தில் மாற்றியமைத்த டி செல். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 2024 மார்ச்சில் வெளியிட்டது. மொத்தம் மூன்று நோயாளிகள். அவர்களில் 57 வயதுப் பெண் ஒருவருக்கு, அவருடைய டி செல்களையே மாற்றியமைத்து மூளைநீருக்குள் ஒரே தடவை செலுத்தினார்கள். ஐந்தாம் நாள் எம்ஆர்ஐயில் கட்டி ஏறக்குறையக் காணோம். செய்தி அங்கே முடிந்துவிட்டது, ஆய்வு முடியவில்லை. அவருக்கும் இன்னொருவருக்கும் கட்டி சீக்கிரமே திரும்பியது. 72 வயதுக்காரர் ஒருவருக்கு மட்டும் சுருக்கம் 150 நாள் தாண்டியும் நின்றது.

ஏன் திரும்புகிறது என்பதை நான் தட்டிலேயே பார்க்கிறேன். இளஞ்சிவப்புத் திரவத்தின் அடியில் கட்டி செல்கள் கை விரித்துப் படிந்திருக்கும். சாயங்காலம் கார் டி செல்லை விட்டுவிட்டுப் போனால் மறுநாள் காலை முக்கால்வாசி உருண்டு திரண்டு மிதக்கும். பார்க்கவே ஆசையாக இருக்கும். ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு மட்டும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சாயம் ஏற்றிப் பார்த்தால் அவற்றில் நாங்கள் குறிவைத்த புரதமே இருக்காது. சில நாளில் தட்டை நிரப்புவது அவைதான்.

பாஸ்டன் குழு இதைத் தெரிந்துதான் செய்தது. அவர்களுடைய செல் ஒரு புரதத்தைக் குறிவைக்கும், கூடவே இன்னொரு புரதத்தைப் பிடிக்கும் துணைப் பொருளையும் சுரக்கும். ஒற்றை இலக்கை நம்பிய ரிண்டோபெபிமட் என்ற தடுப்பூசி 745 பேரிடம் சோதிக்கப்பட்டு 2016இல் தோற்றுப்போன பாடம் கண்முன் இருந்தது.

கேள்வி: ஜப்பானில் வைரஸ் மருந்துக்கு அனுமதி கிடைத்ததாமே?

பதில்: ஆமாம், 2021இல். மாற்றியமைத்த ஹெர்பிஸ் வைரஸைக் கட்டிக்குள் நேராக ஊசி போடுவார்கள். 19 பேரில் 84.2 சதவீதம் பேர் ஒரு வருஷம் தாண்டினார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாததால் அனுமதி நிபந்தனையோடுதான்.

கேள்வி: இந்தியாவிலேயே கார் டி செல் வந்துவிட்டதே, சென்னையில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் உருவாக்கி 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 ரத்தப் புற்றுக்கானது. அதன் இலக்கு எதிர்ப்புச் சக்தியின் இன்னொரு வகை அணுக்களான பி செல்கள். நல்ல பி செல்லும் சேர்ந்து போகும், போனாலும் மனிதன் பிழைத்துக்கொள்வான். மூளையில் அப்படி விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? அதனால் அது இதற்கு உதவாது. இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது, தேடிப் பாருங்கள். டென்ட்ரிடிக் செல் என்பது புற்றை டி செல்லுக்கு அடையாளம் காட்டும் அணு. யாராவது "டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி" என்று லட்சக்கணக்கில் கேட்டால், பதிவு எண் என்ன என்று முதலில் கேளுங்கள். அந்த வகையில் பெரிய ஆய்வு 331 பேருடையது, 2022இல் வெளியானது. புதிதாக நோய் கண்டவர்களில் தடுப்பூசி பெற்றவர்களுக்கு இடைநிலை ஆயுள் 19.3 மாதம், மற்றவர்களுக்கு 16.5. அந்த "மற்றவர்கள்" வேறு ஆய்வுகளிலிருந்து எடுத்த ஆட்கள் என்பதால் சர்ச்சை ஓயவில்லை.

கேள்வி: முதல் பதிலில் டெக்ஸாமெத்தசோன் எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் என்றீர்கள். அப்பாவுக்கு நேற்றிலிருந்து நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: இல்லைம்மா, உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள். பல வாரம் அந்த மாத்திரை எடுத்த உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழலாம், மூளை வீக்கமும் ஏறலாம். குறைப்பதாக இருந்தால் படிப்படியாக, அதுவும் அவர் சொல்லும் அளவில்தான். தலைவலி, வாந்தி, மயக்கம் எதுவும் இருந்தால் போனுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே கூட்டிப்போங்கள். எப்போது நிறுத்தினீர்கள் என்பதை அங்கே முதலில் சொல்லுங்கள்.