வைஃபை கோடு முழுசா இருக்கு, நெட் வரலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்விகளுக்குள் போகும் முன் ஒரு சோதனை. வெளியிலிருந்து உங்கள் ஃபைபர் பெட்டி அல்லது ரவுட்டர் வரைக்கும் வருவது லைன். பெட்டியிலிருந்து போன் வரைக்கும் காற்றில் போவது வைஃபை. இரண்டில் எது மக்கர் செய்கிறது என்று தெரியாமல் எதில் கை வைத்தாலும் வேலை இரட்டிப்பாகும். லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் செருகிப் பாருங்கள். அதில் நெட் ஒழுங்காக வந்தால் கோளாறு வைஃபையில். அதிலும் வராவிட்டால் லைனிலோ பெட்டியிலோ. கீழே உள்ள பதில்கள் பலவற்றுக்கும் இதுதான் முதல் படி.

மழைக்குப் பிறகு ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊக்கைக் குத்தி ரீசெட் செய்தும் போகவில்லை. என்ன செய்வது?

சிவப்பில் மினுக்குவது எல்.ஓ.எஸ். விளக்கு. ஃபைபரில் வரவேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். செட்டிங்கால் வந்த கோளாறு இல்லை என்பதால் ரீசெட்டால் தீராது. மாறாக, அந்த ஓட்டையைப் பத்து நொடி அழுத்தினால் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (இணைப்பு கொடுத்தவர் பெட்டியில் போட்டுவைக்கும் எண்) எல்லாம் அழிந்துபோக வாய்ப்புண்டு. லைன் சரியான பிறகும் நெட் வராது. இணைப்பு கொடுத்தவரிடம் ரீசெட் செய்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் ஒரே நடையில் இரண்டையும் முடித்துவிடுவார். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. முன்னதைத் தாராளமாகச் செய்யலாம்.

நீங்கள் பார்க்கக்கூடியது பெட்டிக்குள் ஃபைபரைச் செருகும் கனெக்டரும் அதன் மஞ்சள் வயரும்தான். பெட்டியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, 'க்ளிக்' சத்தம் வரும்வரை மறுபடி செருகுங்கள். முனையை விரலால் தொடாதீர்கள், வேட்டித் துணியால் துடைக்காதீர்கள். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது: அதில் வருவது 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, வந்துகொண்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பச்சைக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. அந்த இடத்தில் யாராவது நீலக் கனெக்டர் வயரை மாட்டியிருந்தால் முனைகள் சரியாக ஒட்டாமல் ஒளி வீணாகும். வயர் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, டீ கிளாஸ் வாயைவிடச் சின்ன வட்டமாக மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவை சரியாக இருந்தால் பழுது வெளியே, பெரும்பாலும் தண்ணீர் இறங்கிய ஜாயின்ட் பெட்டியில். ஆள் வந்து ஒட்டியதும் பவர் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள். மைனஸ் 15-லிருந்து மைனஸ் 25 டிபிஎம்முக்குள் இருந்தால் நல்லது (டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம்). மைனஸ் 27-ஐ ஒட்டி இருந்தால் இன்றைக்கு ஓடினாலும் அடுத்த மழைக்கு மறுபடி சிவப்புதான். அப்போதே வேறு ஜாயின்ட் போடச் சொல்லுங்கள்.

கரண்ட் போய் வந்தால் போனில் 'கனெக்டட், நோ இன்டர்நெட்' என்கிறது. சில நாள் ரவுட்டர் தானாகவே அணைந்து அணைந்து எரிகிறது.

இரண்டும் இரண்டு கோளாறுகள். முதலாவது, உங்கள் லாகின் இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளம். கரண்ட் திடீரென்று போகும்போது பழைய இணைப்பு, நெட் கொடுப்பவரின் முனையில் திறந்தபடியே நின்றுவிடுவதுண்டு. அது காலாவதியாகும்வரை புதிய லாகினை ஏற்காது. உடனுக்குடன் அணைத்துப் போடாமல், ஐந்து நிமிடம் அணைத்தே வைத்திருங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் முதலில் ஃபைபர் பெட்டியைப் போட்டு, விளக்கு நிலையாக எரிந்த பிறகு ரவுட்டரைப் போடுங்கள். லேப்டாப்பில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியது ரவுட்டரை, லைனை அல்ல.

இரண்டாவதற்கு அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். உள்ளே கெபாசிட்டர் தளர்ந்த அடாப்டர், விளக்கை எரிய வைக்கும். வைஃபை வேலை செய்யத் தொடங்கி இழுவை கூடியதும் வோல்ட் இறங்கி, பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். வாங்கும்போது வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். 12 வோல்ட் 1.5 ஆம்பியருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் போடலாம், 1 ஆம்பியர் போடக்கூடாது.

300 எம்பி பிளான் போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் கேபிள் வழியாகப் பார்த்தாலும் 94-ஐத் தாண்டவில்லை.

94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. இணைப்பு 100-ல் நிற்கிறது. தகவலோடு கூடவே போகும் முகவரி போன்ற கூடுதல் பகுதிகள் போக மிஞ்சுவது ஏறத்தாழ அவ்வளவு. ரவுட்டரிலோ கம்ப்யூட்டரிலோ உள்ள போர்ட் 100 எம்பி வகையா என்று பாருங்கள். இரண்டும் கிகாபிட் (1000 எம்பி) என்றால் கேபிள்தான். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடி, மொத்தம் எட்டு இழை. 100-க்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஜாக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பிடியுங்கள்: எட்டு இழைகளும் கண்ணாடி முனைவரை போய் முட்ட வேண்டும். நீலமோ பழுப்போ ஒன்று முனைக்கு எட்டாமல் பின்வாங்கியிருந்தால் அதன் மேல் உலோகப் பல் சரியாக இறங்காமல் போகலாம். ஜாக்கை வெட்டி, புது ஜாக்கை மறுபடி கிரிம்ப் செய்தால் (இடுக்கியால் அழுத்திப் பொருத்தினால்) தீரும். கேட்-5இ கேபிளே போதும், விலை கூடியதை வாங்க வேண்டாம்.

ஹாலில் பறக்கிறது, பெட்ரூமில் தவழ்கிறது. எக்ஸ்டெண்டர் வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். முதலில் ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தும் இரும்பு பீரோ பக்கத்திலிருந்தும் எடுத்து, ஆளுயரத்தில், வீட்டின் நடுப்பகுதியில் மாட்டுங்கள். பெட்ரூமில் சிக்னல் அளவைப் பார்க்க போனில் இலவச வைஃபை அனலைசர் ஆப் போதும். மைனஸ் 67 டிபிஎம் வரை வீடியோ தடங்காது. மைனஸ் 80-ல் கோடு காட்டினாலும் விட்டுவிட்டு வரும்.

அடுக்குமாடியில் ராத்திரி மட்டும் இழுக்கிறது என்றால் பக்கத்து வீட்டு ரவுட்டர்களோடு நெரிசலாகவும் இருக்கலாம். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ஆப்பில் காலியாகத் தெரிவதைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். நடுவில் 3, 4 என்று போட்டால் இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்களுக்கே வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டச் சிரமப்படும்.

சாதாரண எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். பெட்ரூம் வரை லேன் கேபிள் இழுத்து, கையில் உள்ள பழைய ரவுட்டரை வைப்பது எவ்வளவோ மேல். பழையதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால்), அதன் டிஹெச்சிபி-யை (போன்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள், கேபிளை வான் போர்ட்டில் (WAN, வெளியிலிருந்து வரும் லைனுக்கானது) அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். டிஹெச்சிபி-யை அணைக்க மறந்தால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுத்து, ஒரு போனில் வரும், ஒன்றில் வராது.

புது ஸ்மார்ட் பிளக் வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது.

பெரும்பாலான பிளக்குகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ரவுட்டரில் 2.4-க்குத் தனிப்பெயர் கொடுத்து, போனையும் அதில் சேர்த்துவிட்டு முயலுங்கள். ரவுட்டர் செட்டிங்கில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள்.

இடி இடித்ததும் ரவுட்டர் போய்விட்டது. அடாப்டரைக் கழற்றித்தான் வைத்திருந்தேன்.

கேபிள்காரர் மொட்டை மாடி வழியாகச் செம்பு லேன் கேபிள் இழுத்திருந்தால் மின்னல் அதிர்ச்சி அந்த வழியாகவும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் அடாப்டரோடு லேன் கேபிளையும் கழற்றுங்கள். ஃபைபராக மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது நிரந்தரத் தீர்வு. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. தூக்கிப் போடும் முன், உங்கள் ரவுட்டருக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்: பவர் விளக்கு எரிந்து, வைஃபையும் தெரிந்து, வான் விளக்கு மட்டும் எரியாவிட்டால் போனது அந்த ஒரு போர்ட்தான். சில மாடல்களில் லேன் போர்ட் ஒன்றையே வானாக மாற்றும் வசதி செட்டிங்கில் உண்டு.