ஆயர் பிளாட் போட்ட ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க இங்கிலாந்து போனபோது ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் போனோம். திரும்பிய பக்கமெல்லாம் ஷேக்ஸ்பியர்தான், டீக்கடை உட்பட. அவருக்கு முன்னால் அந்த ஊருக்கு வரலாறே கிடையாதா? ஒரு சாதாரணச் சந்தை ஊரில் அவர் எப்படிப் பிறந்தார் என்று வியப்பாக இருந்தது.

கே., கோவை

அன்புள்ள கே.,

'சாதாரணச் சந்தை ஊர்' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தகராறு. அந்த ஊரின் கதையே சந்தைதான்.

ஷேக்ஸ்பியரைப் புதைத்த தேவாலயம் கடைத்தெருவை விட்டு ஒதுங்கி ஆற்றோரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய கிராமம் அங்கேதான் இருந்தது. நிலம் வூஸ்டர் ஆயருடையது, அதாவது பிஷப்புடையது. விவசாயத்தில் வரும் வருமானம் அவருக்குப் போதவில்லை போலும். 1196-இல் மன்னர் முதலாம் ரிச்சர்டிடம் வியாழக்கிழமைதோறும் சந்தை கூட்ட உரிமை வாங்கினார். அப்புறம் கிராமத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து வயலில் கோடு கிழித்து பிளாட் போட்டார். மனை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 58 அடி அகலம், 200 அடி நீளம். வாடகை வருடத்துக்கு 12 பென்ஸ். மனை எடுத்தவன் ஆயரின் வயலில் இறங்கி வேலை செய்ய வேண்டாம். மனையை விற்கலாம், பிரிக்கலாம். அந்தக் காலத்தில் அது சின்னச் சலுகை இல்லை. சுற்றுக் கிராமத்துக் கைவினைஞர்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். 1252-இல் கணக்கெடுத்தபோது சுமார் 240 மனைகளில் ஆள் இருந்தது.

பிரிட்ஜ் தெரு ஏன் அவ்வளவு அகலம் என்று யோசித்தீர்களா? கடை போடவும், மாடு ஓட்டிவரவும், வண்டி திரும்பவும் இடம் வேண்டும். ஷீப் தெரு, வுட் தெரு என்ற பெயர்களைப் பார்த்தாலே எங்கே என்ன விற்றார்கள் என்பது புரிந்துவிடும். வாசல் குறுகலாகவும் உள்ளே போகப் போக நீளமாகவும் இருக்கும் வீடுகள், ஆயரின் மனையை இரண்டாக மூன்றாக வகுந்துகொண்டதன் மிச்சம்.

இந்த ஊருக்குத்தான் ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான் பக்கத்துக் கிராமத்திலிருந்து கையுறை தைக்க வந்தார். பதிவேட்டில் அவர் முதலில் தலைகாட்டுவது 1552-இல், ஹென்லி தெருவில் குப்பைமேடு போட்டதற்கு ஒரு ஷில்லிங் அபராதம் கட்டியவராக. ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்ஸ்; ஆயர் கேட்ட ஒரு வருட மனை வாடகையும் அதேதான்! 1568-இல் அதே மனிதர் ஊரின் தலைமைப் பதவியான பெய்லிஃப் ஆகிவிட்டார். பிற்பாடு அனுமதியில்லாமல் கம்பளி வியாபாரமும் செய்து வழக்கில் மாட்டினார்.

மகனும் சந்தைக்காரர்தான். 1594 முதல் வரிசையாக விளைச்சல் பொய்த்து, தானிய விலை ஏறி, ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். பதுக்குபவர்களைப் பிடிக்க அரசு கணக்கெடுக்கச் சொன்னது. பியர் காய்ச்சுவதற்காக பார்லியை முளைகட்டி உலர்த்தும் தொழில்தான் அப்போது ஊருக்குச் சோறு போட்டது. அந்த மால்ட் யார் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று 1598 பிப்ரவரியில் எழுதிய பட்டியலில் வில்லியம் ஷேக்ஸ்பியர் பெயரில் 10 குவார்ட்டர், அதாவது 80 புஷல் (இரண்டும் பழைய தானிய அளவைகள்). அண்டை வீட்டார் பலரும் வைத்திருந்தார்கள் என்பது உண்மை. அதற்காக அதை அழகாக்கிக் காட்ட வேண்டியதில்லை.

நீங்கள் பார்த்த டீக்கடை ஸ்ட்ராட்ஃபோர்டெல்லாம் 1769-இல் நடிகர் டேவிட் கேரிக் நடத்திய விழாவுக்குப் பிறகு வளர்ந்தது. அந்த விழாவே மழையில் நனைந்து பாதியில் கெட்டது வேறு கதை.

அடுத்த முறை அக்டோபர் 12-ஐ ஒட்டிப் போங்கள். அப்போது 'மாப் ஃபேர்' நடக்கும். ஒரு காலத்தில் பண்ணையாட்களும் வேலைக்காரிகளும் வருடக் கூலிக்கு வேலை தேடி வந்து நின்ற சந்தை அது. இப்போது ராட்டினம்தான். ஆனால் அதே தெருக்களை அடைத்துக்கொண்டுதான் போடுகிறார்கள், பஸ் எல்லாம் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.