பல்பின் நிறம் மாறுகிறது, அம்மாவின் தூக்கம் மாறவில்லை: என் பதில்

நேரத்துக்கேற்ப நிறம் மாறும் பல்பு போட்டும், டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள அம்மா இரவில் சரியாகத் தூங்கவில்லை, குழம்புகிறார் என்று கேட்டிருந்தீர்கள். பல்பின் நிற அமைப்பை இனி நோண்ட வேண்டாம். காலையில் 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை ஒளி), மாலை 6 மணிக்கு மேல் 2700 (மஞ்சள் ஒளி) என்று நீங்கள் வைத்திருப்பது சரிதான். குறைவது பகல் வெளிச்சத்தின் அளவு.

அறைக்கு ஒரே ஒரு 9 வாட் பல்பு என்கிறீர்கள். நமக்கு அது போதும், டிமென்ஷியா உள்ள 78 வயது அம்மாவுக்குப் போதாது. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. உடல் கடிகாரத்துக்குத் தேவையான நீல ஒளியைத்தான் அது அதிகம் தடுக்கிறது.

காலை 10 மணிக்கு அவர் உட்காரும் நாற்காலியில், அவர் கண் உயரத்தில், கைபேசியை நிமிர்த்திப் பிடித்து, வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலியில் பாருங்கள். திரை அவர் பார்க்கும் திசையை நோக்கி இருக்கட்டும். மேசைமேல் படுக்கவைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். நெதர்லாந்தின் முதியோர் இல்லங்களில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில் பகல் முழுக்கச் சுமார் 1000 லக்ஸ் கொடுத்தார்கள். (அதிலும் மறதி வளர்வது சற்றே மட்டுப்பட்டது, மனச்சோர்வும் கொஞ்சம் குறைந்தது.) உங்களுக்கு 100கூட வராது என்று நினைக்கிறேன். முதலில் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்துங்கள், செலவே இல்லை. அப்புறம் விளக்கைக் கூட்டலாம். ஆனால் பல்பு கண்ணில் நேராகக் குத்தக் கூடாது. தரையில் பட்டுப் பளபளக்கவும் கூடாது. டிமென்ஷியா உள்ளவர்கள் பளபளக்கும் தரையைத் தண்ணீர் என்று நினைத்துக் கால் வைக்கப் பயப்படுவார்கள்.

ஒன்று மட்டும்: இரவுக் குழப்பம் இரண்டு மூன்று நாளில் திடீரென்று கூடியிருந்தால் விளக்கை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்றுகூட இப்படிக் காட்டும்.