மோட்டோகிராஸ் (மண் தடத்தில் தாவி ஓட்டும் பந்தயம்) வண்டிக்கு விலை குறைவான, ஆனால் நம்பி ஓட்டக்கூடிய, வண்டிக் கம்பெனி அல்லாத வெளியார் தயாரித்த வீல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இதுதான்: பழைய கவாசாகி கேஎக்ஸ் 250எஃப், பின் ரிம் நெளிந்துவிட்டது, இரண்டு ஸ்போக் அறுந்திருக்கிறது, கம்பெனி வீல் விலை கட்டுப்படியாகவில்லை, இணையத்தில் பெயர் தெரியாத முழு செட் பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

வாங்க வேண்டாம். உங்கள் ஹப் (வீலின் நடுப்பகுதி) நன்றாக இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, ரிம், ஸ்போக் கம்பி, அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் இந்த மூன்றை மட்டும் பெயர் உள்ள கம்பெனியில் வாங்கி, கோர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். சென்னையில் இருப்பவருக்கு இதைவிடக் குறைந்த செலவில் பாதுகாப்பான வழி எனக்குத் தெரிந்து இல்லை. நானும் இதே வண்டிதான் ஓட்டுகிறேன், நீங்கள் நினைத்த மாதிரியே நானும் முதலில் மலிவைத்தான் பார்த்தேன், அதனால்தான் நேரம் ஒதுக்கி இவ்வளவு எழுதுகிறேன்.

நான்கு வருடம் முன்பு, முன் வீல் ஒன்று கைமாற்றாக வாங்கினேன். தங்க நிற ஹப், கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்த ரிம், புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. விற்றவர் "ரெண்டு ரேஸ்தான் ஓடிச்சு" என்றார். செங்கல்பட்டுப் பக்கம் நாங்கள் பயிற்சி எடுக்கும் தடத்தில், மூன்றாவது ஞாயிறு, டேபிள் டாப்பில் (உச்சி தட்டையான மண் மேடு) ஏறி இறங்கும்போது முன் வீல் ஒரு பக்கமாகச் சரிந்தது. பெரிய தாவல்கூட இல்லை, தினமும் தாண்டுகிற ஒன்றுதான். வலது காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொட்டிலில் கட்டிக்கொண்டு இருந்தேன்.

கை சரியானதும் அந்த வீலைப் புதுப்பேட்டையில் எனக்குப் பழக்கமான பாய் ஒருவரிடம் எடுத்துப் போனேன். ஸ்போக் வேலை மட்டுமே முப்பது வருடமாகச் செய்கிறவர். அவர் பெயிண்ட் ரிமூவர் தடவி, பத்து நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, ரிம்மை வெயிலில் சாய்த்துக் காட்டினார். மூன்று ஸ்போக் துளைகளின் ஓரத்திலிருந்து முடி அளவுக்கு விரிசல். உடைந்த இடத்தைப் பார்த்தால் பாதி கறுத்துப்போய் இருந்தது, மீதி பாதி வெள்ளி மாதிரி மின்னியது. கறுத்த பகுதி பழைய விரிசல், அழுக்கும் தண்ணீரும் போய் உட்கார்ந்தது. மின்னுகிற பகுதிதான் அன்றைக்கு உடைந்தது. அதாவது என் கைக்கு வரும்போதே அது பாதி உடைந்த ரிம், கோட்டிங் அதை மூடியிருந்தது. "தம்பி, இனிமே பெயிண்ட்டப் பாக்காத, ஓட்டையப் பாரு" என்றார்.

அன்றிலிருந்து பவுடர் கோட்டிங் அடித்த பழைய ரிம்மை நான் தொடுவதே இல்லை. பழையதுதான் வாங்கியாக வேண்டும் என்ற நிலை வந்தால் விரிசலைச் சாயத்தால் காட்டும் டை பெனட்ரன்ட் சோதனை செய்யாமல் காசைக் கொடுக்காதீர்கள். மூன்று ஸ்ப்ரே கேன், அவ்வளவுதான். கிளீனர் அடித்துத் துடைத்து, சிவப்புத் திரவம் அடித்து, குறைந்தது பத்து நிமிடம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு தானாக மேலே வரும். பெயிண்ட்டுக்கு மேல் அடித்தால் பயனில்லை, வெறும் உலோகத்தில்தான் தெரியும். வெல்டிங் சாமான் விற்கிற கடைகளில் இந்த கேன்கள் கிடைக்கும், அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் வேலை சோதிக்கிற யாரையாவது தெரிந்தால் அவரே செய்து கொடுத்துவிடுவார்.

சரி, புது ரிம் விஷயத்துக்கு வருகிறேன். அளவு முதலில். முழு அளவு மோட்டோகிராஸ் வண்டிகளில் முன்னே 21×1.60 (அங்குலத்தில் விட்டம், அகலம்), பின்னே உங்களது மாதிரி 250எஃப் என்றால் 19×1.85, 450 சிசி என்றால் 19×2.15. யாராவது 450 ரிம் மலிவாக இருக்கிறது, போட்டுக்கொள் என்று சொன்னால் கேட்காதீர்கள், அகலம் மாறினால் 250க்கான டயர் சரியான வடிவத்தில் உட்காராது, துளைகளின் கோணமும் உங்கள் ஹப்புக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. இந்தக் கோணம்தான் நம் ஊரில் பலர் கவனிக்காமல் விடுவது. துளை எண்ணிக்கை ஒன்றாக இருந்துவிட்டால் பொருந்திவிடும் என்று நினைக்கிறார்கள். ஹப்பின் விளிம்பு எவ்வளவு பெரியது, எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஸ்போக்கும் ரிம்முக்குள் நுழைகிற சாய்வு மாறும், அந்தச் சாய்வுக்கு ஏற்றபடிதான் ரிம்மில் துளை போடுவார்கள். கோணம் தப்பிய ரிம்மில் கோர்த்தால் நிப்பிள் வெளியே வரும் இடத்தில் கம்பி லேசாக வளைந்து நிற்கும், ஓட ஓட அதே இடத்தில் மடங்கி மடங்கிக் கடைசியில் அறுந்துவிடும். அதனால் ஆர்டர் போடும்போது வண்டி மாடலும் வருடமும் சொல்லி, அந்த ஹப்புக்கென்றே துளை போட்ட ரிம்மாக வாங்குங்கள். ஸ்போக்கும் அப்படித்தான், நீளம் மட்டும் பார்த்தால் போதாது, தலைப்பக்க வளைவும் ஹப்புக்கு ஹப் மாறும்.

கம்பெனி என்று கேட்டால் ஜப்பானின் எக்செல், டிஐடி இரண்டுக்கும் என் ஓட்டு. இரண்டிலும் 7000 வரிசை அலுமினிய ரிம்கள் உண்டு, துத்தநாகம் கலந்த கலவை, மலிவு ரிம்களில் வரும் 6000 வரிசையைவிட வலு அதிகம். முழு வீலாகத்தான் வேண்டும் என்றால் அமெரிக்காவில் டஸ்க், வார்ப் 9 என்று குறைந்த விலை வகைகள் இருக்கின்றன, வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் அதில் ஓடுகிறார்கள். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரியர்காரர்கள் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, பெட்டி அடைக்கிற இடத்துக்கும் சேர்த்துத்தான். ஹப்போடு கூடிய வீல் என்றால் பெட்டி தடிமனாகிவிடும், வெறும் ரிம் என்றால் தோசைக்கல் மாதிரி தட்டையாக வரும். சுங்க வரியும் ஜிஎஸ்டியும் பொருள் விலையோடு அந்த அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் போடுவார்கள். அங்கே மலிவாகத் தெரிந்த முழு செட் இங்கே வந்து இறங்கும்போது மலிவாக இருக்காது. எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இப்படி ஏமாந்து போனார்கள்.

பெயர் தெரியாத செட்டில் எனக்கு இருக்கும் பயம் ரிம் மட்டும் இல்லை. பேரிங்கில் எந்தக் கம்பெனி பெயரும் இருக்காது, பேரிங்குகளுக்கு நடுவே நிற்கும் ஸ்பேசர் குழாய் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும், ஆக்சிலை இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் அழுந்திச் சூடாகும். நல்ல ரிம்மில் அளவும் தயாரித்தவர் பெயரும் உலோகத்திலேயே பொறித்திருக்கும், ஸ்டிக்கராக இருக்காது. பட்டையை வளைத்து இணைத்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், படி மாதிரி தட்டினால் அந்த ரிம்மைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பழைய ஹப்பையும் சும்மா நம்பாதீர்கள். டயரைக் கழற்றி, ஸ்போக் எல்லாம் எடுத்தபின் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, ஸ்போக் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, டிஸ்க் போல்ட் மரை தேய்ந்திருக்கிறதா, பேரிங் உட்காரும் குழி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பேரிங் கையால் தள்ளினாலே உள்ளே போகிறது என்றால் அந்த ஹப் முடிந்தது, அப்போது மட்டும் முழு வீலைப் பற்றி யோசியுங்கள். ஹப் நன்றாக இருந்தால் பேரிங்கையும் சீலையும் இதோடு மாற்றிவிடுங்கள், பழைய பேரிங்கின் மேல் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு பாரிமுனை பேரிங் கடைகளில் கேட்டால் எஸ்கேஎஃப், என்டிஎன் எது வேண்டுமானாலும் கிடைக்கும்.

ஸ்போக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே இருக்கட்டும். நான் இருப்பது திருவான்மியூர், கடற்கரையிலிருந்து நடந்துபோகிற தூரம், துத்தநாகம் பூசிய சாதாரணக் கம்பி ஒரு மழைக்காலம் முடிவதற்குள் துரு பிடித்துவிட்டது. நிப்பிள் அலுமினியத்தில் வேண்டாம். கலர் கலராக வரும், எடையும் குறைவு, ஆனால் உப்புக் காற்றில் ஸ்டெயின்லெஸ் கம்பியோடு ஒட்டிக்கொண்டு மரை நகராது, ஸ்பேனரைப் போட்டால் முனை உருண்டுவிடும். நிக்கல் பூசிய பித்தளை நிப்பிள் போடுங்கள், கோர்க்கும்போது மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட் ஒரு சொட்டு.

நெளிந்த ரிம்மைத் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்பீர்கள். ஓர விளிம்பில் சின்ன அமுக்கம் என்றால் பரவாயில்லை. விரிசலை வெல்டிங் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கலவைக்கு வலு வந்ததே சூட்டுப் பதத்தில்தான், வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றி அந்தப் பதம் போய்விடும். பற்றவைத்த கோடு அப்படியே நிற்கும், பக்கத்தில் உடையும்.

கோர்க்கிறவர் கையில்தான் பாதி இருக்கிறது. பாய் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வீலை ஸ்டாண்டில் மாட்டி, ஒரு சாக்பீஸை ரிம்முக்கு நூலிழை தள்ளிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுவார், எங்கே வெளியே தள்ளுகிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி சுற்றுவார். ஒரே இடத்தில் பலமாக இறுக்கி பெண்ட் எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள், அந்தக் கணத்துக்கு நேராகத் தெரியும், இழுவை கம்பிக்குக் கம்பி வேறாக இருக்கும். கடைசியில் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2 மி.மீ. ஆட்டம் வரை ஓட்டலாம் என்று மேனுவல் சொல்லும், ஆனால் புதிதாகக் கோர்த்த வீல் 1 மி.மீட்டருக்குள் வந்தாக வேண்டும். என் பின் வீலுக்குக் கூலி 1,200 ரூபாய் வாங்கினார், அதில் பேரம் பேசவில்லை.

இறுக்கத்துக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்திருப்பவர் என்றால் ரொம்ப நல்லது. கவாசாகி கேஎக்ஸ் மேனுவலில் நிப்பிளுக்கு 2.2 நியூட்டன் மீட்டருக்குக் குறையக்கூடாது என்று இருக்கும், கேடிஎம்மில் 5 முதல் 6 வரை சொல்கிறார்கள். அதனால் நண்பனின் வண்டி அளவை உங்கள் வண்டிக்கு வைக்காதீர்கள்.

வீல் வந்து மாட்டிய முதல் நாள்தான் அதிகக் கவனம் வேண்டும். புது ஸ்போக் தலை ஹப்பில் அழுந்தி உட்காரும்போது எல்லாமே தளரும். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு கம்பியாக ஸ்பேனரால் தட்டுங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும். வரிசையாக இறுக்கிக்கொண்டே போகாமல் ஒன்றை இறுக்கி இரண்டை விட்டு அடுத்ததுக்குப் போங்கள், மூன்று சுற்றில் எல்லாம் முடியும். இதை அன்றைக்கே மூன்று நான்கு முறை, பிறகு ஒவ்வொரு முறை ஓட்டியபின். தளர்ந்த கம்பியோடு ஓட்டினால் அதன் பங்கையும் பக்கத்துக் கம்பிகள் சுமக்கும், துளை முட்டை வடிவமாகும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

டயர் காற்று பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்துச் செம்மண் மாசியிலேயே சிமென்ட் மாதிரி இறுகிவிடும், இடையிடையே கல். மணலில் ஓட்டுவது போல 10 பிஎஸ்ஐ வைத்து அதில் இறங்கினால் எவ்வளவு நல்ல ரிம்மும் நெளியும். நான் 14 வைக்கிறேன், தடித்த டியூப் போடுகிறேன். உங்கள் முதல் ரிம் நெளிந்ததுகூட இதனால் இருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி சாலை வண்டி வைத்திருப்பவர்களும் மோட்டோகிராஸ் வீலை மாட்டலாமா என்று கேட்கிறார்கள், அவர்களுக்கு வேறு பதில். அந்த வண்டிகளின் பின் ஹப்பில் கியர் பாக்ஸுக்குப் போகும் அதிர்ச்சியைத் தாங்க ரப்பர் இருக்கும், மோட்டோகிராஸ் ஹப்பில் அது கிடையாது. ஏபிஎஸ் வளையமும் மாட்ட இடம் இருக்காது. சாலையில் ஓடுகிற பதிவு பெற்ற வண்டியில் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் சிக்கும், 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே அதே அளவில் வலுவான ரிம்மும் ஸ்போக்கும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, ரிம் லாக் (டயர் ரிம்மில் வழுக்காமல் பிடிக்கும் பூட்டு) இருக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள ஸ்போக்குகளை முதலில் தட்டிப் பாருங்கள், பின் வீலில் எப்போதும் அவைதான் முந்தித் தளரும். போன ஞாயிறு என் வண்டியிலும் அங்கே ஒரு கம்பி மந்தமாகக் கேட்டது. கால் திருகு கொடுத்தேன், பக்கத்துக் கம்பிகளின் ஒலிக்கு வந்துவிட்டது, அதன்பிறகுதான் தடத்தில் இறங்கினேன்.