மாநாட்டுப் பயண நல்கை: ஆய்வு மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் கருத்தரங்குகளுக்கும் மாநாடுகளுக்கும் செல்லப் பெறக்கூடிய நிதியுதவி குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு, பல்லாண்டுகளாக ஆய்வு நெறியாளராக இருந்துவரும் பேராசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

வேதியியல் ஆய்வு மாணவி, திருச்சி: ஜெர்மனியில் நடைபெறும் மாநாட்டில் என் கட்டுரை ஏற்கப்பட்டுள்ளது. எங்கே விண்ணப்பிக்கலாம், ஐயா?

முதலில் மாநாட்டு அமைப்பாளர்களுக்கே எழுதுங்கள். பதிவுக் கட்டண விலக்கு, மாணவர் தங்குமிடம் போன்றவற்றுக்கு அவர்களிடம் சிறு நிதி இருப்பதுண்டு. பலரும் கேட்பதில்லை என்பதால் கேட்டவருக்குக் கிடைத்துவிடுகிறது. அடுத்து, அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்திவந்த சர்வதேசப் பயணத் திட்டத்தைப் பாருங்கள். அந்த வாரியத்தின் பணிகள் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையிடம் சேர்ந்துவிட்டதால், அறிவிப்புகளை அங்கேயே தேட வேண்டும். அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆரும் ஆய்வு மாணவர்களுக்குப் பயண நல்கை வழங்கிவருகிறது. இரண்டுக்கும் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். ஆனால் ஒரே செலவை இரு இடங்களில் கோருவது விதிமீறல் என்பதால், வேறெங்கெல்லாம் கேட்டிருக்கிறீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

இயற்பியல் ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்: நல்கை உறுதியாகிவிட்டது. பணம் கைக்கு எப்போது வரும்?

பெரும்பாலும் திரும்பி வந்த பிறகுதான். பயண நல்கை என்பது நீங்கள் செலவழித்த பணத்தை ஈடுசெய்வது என்ற உண்மையை மாணவர்கள் விமானச் சீட்டு வாங்கும் நாளில்தான் உணர்கிறார்கள். ஆகவே சீட்டுக்கான தொகையைப் புரட்டும் வழியை இப்போதே யோசியுங்கள். உங்கள் நிறுவனம் முன்பணம் தருமா என்று துறைத் தலைவர் வழியாக எழுத்தில் கேளுங்கள். அரசு நல்கை என்றால் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று முகவர்களுள் ஒருவரிடம் எகானமி வகுப்புச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். வேறொரு தளத்தில் மூவாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிட்டு, முழுத் தொகையையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

போர்டிங் பாஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் மாணவர் ஒருவர் அதைப் பணப்பையில் மடித்து வைத்து, இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பிரிவில் நீட்டினார். வெப்பத்தாளில் அச்சான எழுத்து மங்கி, பெயரின் முதல் மூன்று எழுத்துகள் மட்டுமே எஞ்சியிருந்தன. கோப்பு திரும்பி வந்தது. விமான நிறுவனத்திடம் பயணச் சான்று வாங்கிச் சேர்க்க மேலும் ஆறு வாரம் ஆயிற்று. விமானம் ஏறுமுன்பே அதைப் படம் எடுத்துவிடுங்கள்.

சமூகவியல் ஆய்வு மாணவி, மதுரை: அறிவியல் துறையினருக்கு மட்டும்தானா இவையெல்லாம்?

இல்லை. சமூக அறிவியல் துறைகளுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர், வரலாற்றுக்கு ஐசிஎச்ஆர் ஆகிய அமைப்புகள் வெளிநாட்டுப் பயண உதவி அளித்துவந்துள்ளன. எனினும் கலைத்துறை மாணவரின் நிலை கடினமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். யுஜிசி வழங்கும் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தபோதும், சமூக அறிவியலாருக்கான கண்டின்ஜென்சி தொகை, அதாவது ஆய்வின் இதர செலவுகளுக்கான தொகை, முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். அதை வைத்து டெல்லி சென்று வரலாம். பெர்லினுக்குப் போக முடியாது.

எம்.எஸ்சி. மாணவர், சேலம்: முனைவர் பட்டத்திற்கு இன்னும் சேரவில்லை. எனக்கு வழியுண்டா?

வெளிநாட்டுக்கு அரிது. உள்நாட்டு மாநாடுகளில் தன்னார்வலராகப் பணியாற்றிப் பதிவுக் கட்டணத்தைத் தவிர்ப்பதே உங்கள் நிலையில் நல்ல தொடக்கம். ஆய்வில் சேர்ந்தபின், 1964இல் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் இத்தாலியின் டிரியெஸ்ட் நகரில் நிறுவிய ஐசிடிபி என்ற கோட்பாட்டு இயற்பியல் மையத்தை நினைவில் வையுங்கள். வளரும் நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்களுக்குப் பயணச் செலவிலும் தங்கும் செலவிலும் உதவும் மரபு அங்குண்டு.

மேலாண்மை ஆய்வு மாணவர், திருநெல்வேலி: நான் கட்டுரையே அனுப்பாத மாநாடொன்று, சிறப்புரை ஆற்ற வருமாறு மின்னஞ்சல் அனுப்பியுள்ளது. பதிவுக் கட்டணம் மட்டும் நான் கட்ட வேண்டுமாம்.

கட்டாதீர்கள். சிறப்புரையாளரிடம் எந்த நல்ல மாநாடும் கட்டணம் கேட்பதில்லை.

தாவரவியல் ஆய்வு மாணவி, தஞ்சாவூர்: விசாவுக்கு எவ்வளவு முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும்?

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா என்றால் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி வரம்பு 15 நாள். அந்த வரம்பை நம்பாதீர்கள், ஏனெனில் கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. நல்கைக் கடிதம் வரும்வரை காத்திராமல், உதவித்தொகைச் சான்றையும் நெறியாளர் கடிதத்தையும் வைத்து விண்ணப்பித்துவிட்டு, நல்கைக் கடிதம் வந்ததும் கூடுதல் ஆவணமாகச் சேர்க்க முடியுமா என்று விசா மையத்தில் கேளுங்கள்.