வைஃபை ஏன் திணறுகிறது? கேட்டவர்களுக்குப் பதில்

அலுவலகங்களுக்கு வைஃபை அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கேட்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள்: லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து வேகம் பாருங்கள். அதிலேயே குறைவு என்றால் வைஃபையைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டம். டவுன்லோட் 12ஐத் தாண்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. திட்டம் பிட்டில், டவுன்லோட் பைட்டில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 8ஆல் வகுத்தால் 12.5. ஒழுங்காகத்தான் வருகிறது.

கேள்வி: ரவுட்டர் டிவிக்குப் பின்னால். படுக்கையறையில் 5 கிகாஹெர்ட்ஸ் எட்டவே இல்லை.

ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். டிவிக்குள் உலோகத் தகடு. நடுவில் பெரும்பாலும் இரும்பு பீரோ, அதன் கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி, அப்புறம் கம்பி கட்டிய கான்கிரீட். இத்தனையும் தாண்டி எப்படி வரும்? 2.4 தட்டுத்தடுமாறி வரும், 5 வராது. ரவுட்டரைத் திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வையுங்கள். ஆன்டெனாவை நேராக நிறுத்தினால் சிக்னல் உளுந்து வடை வடிவத்தில் பரவும்: ஓட்டையில் ஆன்டெனா, சுற்றிலும் சிக்னல். நேர் மேலேயும் கீழேயும் கம்மி. மாடிக்கும் வேண்டுமென்றால் ஒரு ஆன்டெனாவைப் படுக்க வையுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவ் ஓடும்போது வீடியோ நிற்கிறது.

அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ்தான். கசிவது உடம்புக்கு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் உங்கள் போனுக்கு வந்து சேரும் வைஃபை பல நேரம் ஒரு மில்லிவாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதை அமுக்க அந்தக் கசிவே போதும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் விசித்திரமான துடிப்புகள் பதிவாகி வந்தன. 2015இல் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள்: நேரம் முடியுமுன் யாரோ கதவைத் திறந்த மைக்ரோவேவ் அடுப்பு! நீங்கள் 5க்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: நெட் ஸ்லோ. என்ன செய்ய?

கேபிளில் பார்த்தீர்களா?

கேள்வி: அடுக்குமாடி. 2.4இல் எல்லோரும் 1, 6, 11ஆம் சேனல்களில் நெருக்குகிறார்கள். 3ஆம் சேனல் காலி. போகலாமா?

வேண்டவே வேண்டாம். சேனலுக்குச் சேனல் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிதான். ஒவ்வொன்றும் அடைத்துக்கொள்வதோ 20. 3இல் உட்கார்ந்தால் 1ஐயும் 6ஐயும் சேர்த்து மிதிக்கிறீர்கள். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதால் முறை வைத்துப் பேசுவார்கள். பக்கத்துச் சேனல் பேச்சு வெறும் இரைச்சல். பேச்சு என்று புரிந்தால் மைனஸ் 82 டிபிஎம்மிலேயே வழிவிட வேண்டும் (டிபிஎம் சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் 82 மிக மெல்லியது, மைனஸ் 62 அதைவிடப் பலமானது). இரைச்சலுக்கு மைனஸ் 62 வரை வழிவிடத் தேவையில்லை. 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு. அதுவரை இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கத்திக்கொண்டிருப்பார்கள்.

இன்னொருவர் குறுக்கிடுகிறார்: இந்தியாவில் 13 வரை உண்டே. 1, 5, 9, 13 என்று நான்காகப் பிரிக்கலாமே?

நல்ல கேள்வி. கணக்கு சரி. 22 மெகாஹெர்ட்ஸ் பிடித்த பழைய 'பி' வகை (802.11b) வைஃபை கருவிகள் இல்லாவிட்டால் நான்கும் ஒட்டாமல் நிற்கும். கட்டடம் முழுக்க உங்கள் கையில் இருந்தால் செய்யுங்கள்.

மீண்டும் அவரே: நான் மட்டும் 9க்குப் போனேன். முன்பைவிட வேகம்தான்.

எந்த நேரத்தில் பார்த்தீர்கள்? காலை 11 மணிக்கு 6, 11காரர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். இரவு 9 மணிக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அவரே: இரவும் பார்த்தேன்.

அப்படியானால் அந்த இரண்டு சேனல்களிலும் உங்கள் அருகில் பலமான ஆள் இல்லை. உங்கள் வீட்டுக்கு நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வீட்டுக்காரருக்குச் சிபாரிசு செய்யாதீர்கள். 2.4இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்திருப்பவர்கள் 20க்கு இறக்குங்கள், அக்கம்பக்கத்தார் வாழ்த்துவார்கள்.

கேள்வி: ரிப்பீட்டர் வாங்கினேன். சிக்னல் முழுசு, வேகம் பாதி.

ஒற்றை ரேடியோ ரிப்பீட்டர் கேட்டதையே அதே சேனலில் திரும்பச் சொல்லும். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு முறை நேரம் போகிறது. அதையும் சிக்னல் செத்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். பாதி வழியில் மாட்டுங்கள். முடிந்தால் கேபிள் இழுத்து, கடைசியில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வையுங்கள்.

கேள்வி: மழை வந்தால் வைஃபை போகிறது.

மழை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் கடிக்கும். டிடிஹெச் அதில் அடிபடும், வீட்டு வைஃபை அல்ல. வெளியே வரும் ஒயரின் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறதா பாருங்கள்.

கேள்வி: எந்த ரவுட்டர் வாங்கலாம்?

டிவிக்குப் பின்னால் வைப்பதானால் இருப்பதே போதும்.

கேள்வி: சார், நெட் ஸ்லோ.

கேபிள்.