வீட்டுக்குள் ஒருவர் அமரும் சானா: எதை வாங்குவது?

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் வசிக்கிறோம். எனக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. காலையில் எழுந்தால் முட்டியும் இடுப்பும் இறுகிக் கிடக்கின்றன. ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சானா (வெப்பத்தில் அமர்ந்து வியர்க்கும் அமைப்பு) ஒன்றை வாங்க நினைக்கிறேன். துணிக்கூடாரம் போன்ற ஒன்றையும், மரத்தாலான இன்ஃப்ராரெட் அறையையும் விளம்பரங்களில் பார்த்தேன். எதை வாங்கலாம்? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் என் கணவரும் அதைப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுவதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். பின்லாந்து மக்களின் சானா என்பது, மரச்சுவர் கொண்ட அறைக்குள் அடுப்பின்மேல் கற்களை அடுக்கிச் சூடாக்கி, அறையின் காற்றையே 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமேற்றி, அவ்வப்போது அந்தக் கற்களின்மீது தண்ணீர் ஊற்றிக்கொண்டு அமர்ந்திருப்பது. இந்தப் பண்பாட்டை 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. விளம்பரங்கள் கூறும் இதய நலனுக்கான சான்றும் இந்தச் சூடான சானாவுக்கே உரியது. 2015இல் வெளியான பின்லாந்து ஆய்வில், நடுவயது ஆண்கள் 2,315 பேரைச் சுமார் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வாரத்தில் நான்கு முதல் ஏழு முறை சானாவில் அமர்ந்தவர்களிடையே திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. சானாதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அதன் முடிவைத் துணிக்கூடாரத்துக்கும் பொருத்திக் காட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். இத்தகைய சானாவுக்கு மிகச் சிறிய அடுப்புகூட ஏறத்தாழ 3 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். தனி வயரிங்கும் வேண்டும் என்பதால் வாடகை வீட்டுக்கு அதை விட்டுவிடலாம்.

இன்ஃப்ராரெட் அறை, அகச்சிவப்புக் கதிர்களால் காற்றைவிட உடலையே நேரடியாகச் சூடாக்குவது. உள்ளே பெரும்பாலும் 45 முதல் 60 டிகிரிதான் இருக்கும். ஏறக்குறைய மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும். ஈரம் வெளிவராது என்பது சென்னை போன்ற கடலோர ஊரில் பெரிய நன்மை. ஆனால் அதைக் குளியலறையில் வைக்கக் கூடாது. பலகைகளாகப் பிரித்துத்தான் கொண்டுவர வேண்டும் என்பதால், வாங்குமுன் மிகப் பெரிய பலகையின் அளவைக் கேட்டு, உங்கள் லிஃப்டையும் வாசற்கதவையும் டேப்பால் அளந்து பாருங்கள். வீடு மாறும்போதெல்லாம் அதைக் கழற்றி மாட்டுவது தொல்லை. சொந்த வீடாக இருந்தால் தயங்காமல் இதையே பரிந்துரைப்பேன்.

உங்களுக்கு இப்போதைக்குத் துணியாலான நீராவிக் கூடாரம் போதும். போர்வை போர்த்தி வேது பிடிப்பதைக் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதற்கும் விரித்தாற்போன்றது அது. தலை வெளியே இருக்கும். முட்டி இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் தருவதைப் போலச் சில மணி நேர இதம் கிடைக்கும், தேய்மானம் இருந்தால் அதைக் குணப்படுத்தாது. எடை குறைவதாகத் தெரிவதும் வியர்வையாய்ப் போன தண்ணீர்தான். வியர்வையோடு கழிவுகள் வெளியேறும் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம்; உடலின் கழிவுகளை நீக்கும் வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்துக்கொள்கின்றன.

கடையில் கூடாரத்தை விரிக்கச் சொல்லி, நீராவிக் குழாய் உள்ளே எங்கே திறக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது கணுக்கால் உயரத்தில் இருக்கும். அதன் வாயில் தடுப்புப் பெட்டி இல்லையென்றால் பாதம் வெந்துவிடும். ஜிப்பை உள்ளிருந்தே ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று நீங்களே உட்கார்ந்து சோதியுங்கள். நீராவிப் பாத்திரத்தை 16 ஆம்பியர் ப்ளக்கில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், கீசர் ஓடும் அதே இணைப்பும் வேண்டாம். எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது, கூடாரத்துக்குச் செலவிடுவதைவிட முக்கியமான செலவு. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும் என்பதால் ஆர்ஓ தண்ணீரைப் பயன்படுத்துங்கள். படுக்கையறையில் வைத்தால் சுவரிலும் பீரோ துணிகளிலும் பூஞ்சை பிடிக்கும். சன்னலருகே வைத்து, முடிந்ததும் மின்விசிறியைச் சுழலவிட்டுத் துணியை முழுவதும் உலர்த்திய பிறகே மடியுங்கள்.

உங்கள் கணவர் மருத்துவரிடம் மாத்திரைகளின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் உட்காரவே கூடாது. வெப்பத்தில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். மாத்திரையும் சேர்ந்து இறக்கினால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரிடும். மருத்துவர் ஒப்புக்கொண்டாலும் முதலில் ஐந்து நிமிடம், பிறகு அதிகபட்சம் பதினைந்து நிமிடம் போதும். முன்னும் பின்னும் தண்ணீர் குடித்து, வெளியே வந்ததும் நாற்காலியில் சற்று அமர்ந்திருக்க வேண்டும். மது அருந்திய நாளிலும், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும் இருவருமே அதைத் தொட வேண்டாம்.